கம்பியில்லாத் தந்திக்குக் காது கொடுத்தவர்

கூட்டேரிப்பட்டிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது மயிலம். குன்றின் மேல் முருகன் கோயில். கீழே மடம். ஒரு தமிழ்க் கல்லூரியும் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியும் உண்டு. 2011-ல் ஆரம்பித்த சர்க்கார் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த லேப்டாப்புகள் இந்த வட்டாரத்து வீடுகளுக்கும் வந்தன. கூடவே ஒரு மனக்குறையும் வந்தது. கூடத்தில் வைத்தால் வைபை கிடைக்கிறது; உள்ளறைக்குக் கொண்டு போனால் அறுந்து போகிறது. சில நாள் கோடுகள் எல்லாம் நிறைந்து நிற்கும். ஆனால் ஒரு பக்கம் கூடத் திறக்காது. பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்ப உட்கார்ந்த பையன் லேப்டாப்பை அணைக்கிறான், ஏற்றுகிறான். கடைசியில் அதன் முதுகில் ஒரு தட்டும் தட்டுகிறான்.

தட்டுவது புதிய வைத்தியம் அல்ல. கம்பியில்லாமல் செய்தி வாங்கும் கருவி உண்டான புதிதில், அதாவது சுமார் 130 வருஷங்களுக்கு முன், ஐரோப்பாவின் பெரிய விஞ்ஞானிகளே அதைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். தட்டினால் வேலை செய்யும். உடனே நின்றுவிடும். மறுபடியும் தட்ட வேண்டும். ஏன் நிற்கிறது என்று விடாப்பிடியாகக் கேட்டவர்களில் முக்கியமானவர் ஒரு வங்காளி. ஜகதீச சந்திர போஸ் என்பது அவர் பெயர். செடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று சொன்னவர் என்றுதான் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அவரை நமக்கு அறிமுகப்படுத்தின. அந்தச் செடிகளிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே ஒரு கம்பியில்லாத் தந்திக் கருவியின் கோளாறுதான்.

கொள்ளைக்காரன் தோளில்

போஸ் 1858 நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் மைமன்சிங்கில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பங்களாதேஷில் இருக்கிறது. தகப்பனார் பகவான் சந்திர போஸ் ஒரு டெபுடி மாஜிஸ்டிரேட். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்ப்பதே கௌரவம் என்று அந்தஸ்துள்ளவர்கள் நினைத்த காலம் அது. இவரோ மகனை வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். முதலில் தாய்மொழி தெரியட்டும், தன் ஜனங்களைத் தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். செம்படவர் மகனும் வேலைக்காரர் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

சிறுவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆள் யார் தெரியுமா? பழைய கொள்ளைக்காரன்! பகவான் சந்திரரே விசாரித்து, ஜெயிலுக்கு அனுப்பியவன். விடுதலையாகி வந்து பிழைக்க வழி கேட்டபோது, அவரே வேலை கொடுத்து, மகனையும் அவன் பொறுப்பில் விட்டார். போகும் வழியெல்லாம் தான் அடித்த கொள்ளைக் கதைகளைப் பையனுக்குச் சொல்லிக்கொண்டே போவானாம் அவன்.

பிறகு கல்கத்தா. செயின்ட் சேவியர் கல்லூரியில் பாதர் லாபோன் என்ற பாதிரியார் பௌதிகம் நடத்தினார். கருவிகளை மேஜை மேல் வைத்து, செய்து காட்டிப் பாடம் சொல்வது அவர் வழக்கம். கண்ணால் பார்க்காததை நம்பாதே என்ற புத்தி போஸுக்கு அங்கேதான் ஏறியிருக்க வேண்டும். 1880-ல் வைத்தியம் படிக்க லண்டன் போனார். அடிக்கடி காய்ச்சல் வந்து வாட்டியது. பிணம் அறுக்கும் அறையின் நாற்றம் அதை இன்னும் கிளப்பிவிட்டது. வைத்தியத்தை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். அங்கே அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் ராலே பிரபு. 1884-ல் கேம்பிரிட்ஜ் பட்டமும் லண்டன் பட்டமும் பெற்று, மறு வருஷம் தாய்நாடு திரும்பினார்.

சம்பளம் தொடாத புரொபஸர்

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் புரொபஸர் வேலை கிடைத்தது. சுலபமாகக் கிடைக்கவில்லை. நுட்பமான விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க இந்தியருக்குத் தகுதி போதாது என்று கல்வி இலாகா நினைத்தது. வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் சிபாரிசு இருந்ததால்தான் கதவு திறந்தது. திறந்த கதவுக்குள் இன்னொரு அவமானம் காத்திருந்தது. வெள்ளைக்காரப் புரொபஸர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் வேலை தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு கூலி!

போஸ் சண்டை போடவில்லை. தினமும் கல்லூரிக்குப் போனார். பாடம் நடத்தினார். மாதம் பிறந்தால் சம்பளத்தைத் தொடமாட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, மூன்று வருஷம். வீட்டில் செல்வம் புரண்டது என்று எண்ண வேண்டாம். தகப்பனார் ஜனங்களுக்கு உதவுகிறேன் என்று ஆரம்பித்த தொழில்கள் முழுகி, குடும்பம் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில்தான் இந்தப் பிடிவாதம். கடைசியில் துரைத்தனம் இறங்கி வந்தது. வேலையை நிரந்தரமாக்கி, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பணம் தகப்பனாரின் கடனுக்குப் போயிற்று.

நடுவில் 1887-ல் கல்யாணம். மணப்பெண் அபலா தாஸ் நம் சென்னையில் படித்தவர். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. வங்காள சர்க்காரின் உபகாரச் சம்பளத்தோடு 1882-ல் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் படிப்பை முடிக்காமலே திரும்ப நேர்ந்தது. சம்பளமில்லாத வீட்டில் குடித்தனம் செய்யச் சம்மதித்து வந்தவர் இந்த அம்மாள்.

ரெயில்வே கைடும் சணல் கயிறும்

1894 நவம்பர் 30. போஸுக்கு 36-வது பிறந்த நாள். இனி ஆராய்ச்சியே என் வாழ்வு என்று அன்று தீர்மானம் செய்துகொண்டார். அந்த வருஷத் தொடக்கத்தில்தான் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் இளம் வயதில் இறந்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத மின் அலைகள் உண்டு என்று செய்து காட்டியவர் அவர். அவருடைய வேலையைப் பற்றி இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் செய்த பிரசங்கம் அச்சாகிப் போஸ் கைக்கு வந்தது.

ஆராய்ச்சி செய்ய இடம்? கல்லூரியில் கிடைத்தது 24 சதுர அடி. நம் வீட்டுக் குளியலறை அதைவிடப் பெரிது. உதவிக்கு ஆள், ஒரு தகரக் கொல்லர். விஞ்ஞானக் கருவி எதையும் அதற்கு முன் செய்து பழகாதவர். செலவு சொந்தக் காசு. வேலை நேரம், பாடமெல்லாம் முடிந்த பிறகு.

ஹெர்ட்ஸின் அலைகள் முழக்கணக்கில் நீளமானவை. அத்தனை நீள அலையை அந்தச் சின்ன அறையில் வைத்து எப்படிப் பரிசோதிப்பது? போஸ் அலையையே சுருக்கினார். 5 மில்லிமீட்டர் வரையில் குறுகிய அலையை உண்டாக்கினார். அரிசி மணி அளவுதான்! அலை ஒளியைப் போலவே வளைகிறதா, பிரதிபலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒளிக்கு உள்ள இன்னொரு குணம், குறிப்பிட்ட ஒரு திசையில் மட்டும் அதிர்வது. இந்த அலைக்கும் அது உண்டா என்று பார்க்க அவர் எடுத்த கருவியைக் கேட்டால் சிரிப்பு வரும். பிராட்ஷா ரெயில்வே கைடு! அந்தத் தடிப் புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். புத்தகத்தை ஒரு பக்கமாகப் பிடித்தால் அலை போகிறது. கால் வட்டம் திருப்பினால் நின்றுவிடுகிறது. முறுக்கிய சணல் கயிறுகளை வைத்தும் இப்படிப் பார்த்தார். வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்?

1895-ல் கல்கத்தாவில் எல்லாரும் பார்க்க ஒரு வேடிக்கை காட்டினார். வங்காள லெப்டினன்ட் கவர்னர் சபையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்தில் அலை புறப்பட்டது. சுவர்களைத் தாண்டி, நடுவிலிருந்த கவர்னரின் பெரிய உடம்பையும் தாண்டி, சுமார் 75 அடி தூரத்தில் போய் மணியை அடித்தது. வெடிமருந்தை வெடிக்கச் செய்தது. கம்பி ஏதும் கிடையாது. அடுத்த வருஷம் லண்டன் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. லிவர்பூலில் அவர் பேச்சைக் கேட்ட கெல்வின் பிரபு, கால் ஊனத்தோடு மாடிப்படி ஏறிப் போய், பெண்கள் பகுதியில் இருந்த அபலா அம்மாளின் கைகளைப் பிடித்துப் பாராட்டினார்.

காதில் கோளாறு

இத்தனைக்கும் நடுவில் ஒரு தலைவலி இருந்தது. அலையை அனுப்புவது கஷ்டமில்லை. வாங்குவதுதான் கஷ்டம். வாய் நன்றாக இருந்தது, காது சரியில்லை!

அக்காலத்துக் காது, பிரெஞ்சு விஞ்ஞானி பிரான்லி 1890-ல் கண்ட ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே உலோகத் தூள். சாதாரணமாகத் தூள் உதிரியாகக் கிடக்கும். மின்சாரம் லேசில் போகாது. அலை வந்து பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். அலை வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஒட்டிக்கொள்வதால் லாட்ஜ் அதற்குக் கோஹியரர் என்று பெயர் வைத்தார். ஒட்டிய தூள் தானாகப் பிரியாது. குழாயை ஒரு சுத்தியால் தட்ட வேண்டும். தட்டினால்தான் அடுத்த செய்தி.

தட்டுவது கூடப் பரவாயில்லை. ஒரு நாள் கேட்பது மறுநாள் கேட்காது என்பதுதான் சங்கடம். தூளில் ஒரு துணுக்கு இறுக்கமாகக் கிடக்கும், ஒன்று தளர்ச்சியாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். ஈரக்காற்று அடிக்கும் கல்கத்தாவில் இரும்புக்குத் துரு வேறு.

போஸ் தூளையே எடுத்து எறிந்தார். மெல்லிய எஃகுக் கம்பிச் சுருள்களை ஒரே வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார். ஒன்றை ஒன்று தொடும் இடமெல்லாம் ஒரே மாதிரி. ஓர் ஆணியைத் திருகினால் எல்லாவற்றின் அழுத்தமும் சேர்ந்து கூடும், குறையும். மின்சாரத்தின் அளவையும் கூட்டிக் குறைக்க வழி செய்தார். இப்போது எதை மாற்றினால் எது மாறுகிறது என்று தனித்தனியாகச் சொல்ல முடிந்தது. கோளாறு பாதி தீர்ந்தது அங்கேதான்.

மீதிப் பாதிக்கு, உலோகங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விசாரித்தார். பொட்டாசியம் ஒரு விசித்திரம் காட்டிற்று. அலை பட்டால் மற்ற உலோகங்களில் மின்தடை குறையும், இதில் கூடிற்று! தூள் வெறுமனே ஒட்டிக்கொள்கிறது என்ற பழைய விளக்கம் அதோடு ஆட்டம் கண்டது. 1899 ஏப்ரலில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை வந்தது. இரும்பையும் பாதரசத்தையும் சேர்த்துச் செய்த புதிய காது அதில் இருந்தது. டெலிபோன் குழலை வைத்துக் கேட்கலாம். தட்ட வேண்டாம், தானே பழைய நிலைக்கு வந்துவிடும்.

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அக்கரையில், 3,000 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்த செய்தியைக் கேட்டதாக உலகத்துக்கு அறிவித்தார். அவர் காதில் வைத்திருந்தது பாதரசக் கருவியும் டெலிபோனும். இத்தாலியக் கடற்படைக் கருவி என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். அதன் மூலம் போஸின் 1899-ம் வருஷத்துக் கட்டுரையே என்று 1998-ல் பந்தோபாத்யாய் என்ற இன்ஜினீயர் ஆதாரங்களோடு எழுதினார். அதனால் ரேடியோவைக் கண்டுபிடித்தவர் போஸ்தான் என்று மார்தட்ட வேண்டியதில்லை. கடல் தாண்டித் தந்தி அனுப்புவதில் போஸுக்கு ஆசையே இருக்கவில்லை. அதை வியாபாரமாக நடத்திக் காட்டியவர் மார்க்கோனி. ஆனால் காது கல்கத்தாவில் பழுது பார்க்கப்பட்டது.

நம் வீட்டு லேப்டாப்பில்

மயிலத்துப் பையனின் லேப்டாப்புக்கு வருவோம். அதிலே தூளும் கிடையாது, பாதரசமும் கிடையாது. அலை மட்டும் அதே ஜாதி. வைபை அலையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது சுமார் 12 சென்டிமீட்டர் நீளம். 5 கிகாஹெர்ட்ஸ் என்பது சுமார் 6 சென்டிமீட்டர். நீளமானது சுவரைத் தாண்டி உள்ளறைக்கும் ஓரளவு போகும், வேகம் குறைவு. குட்டையானது வேகமானது, கனத்த சுவர் வந்தால் சோர்ந்துவிடும். ரூட்டர் பெட்டியில் இரண்டும் இருந்தால், கூடத்தில் ஒன்றும் உள்ளறையில் மற்றொன்றும் வைத்துப் பார்க்கலாம்.

கோளாறு எங்கே என்று காண வழி, போஸ் செய்ததுதான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. நாளைக்கு மறுபடி கெடும். லேப்டாப்பை ரூட்டருக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். அங்கே அறுபடாமல் ஓடினால் குற்றம் சுவரில், அல்லது நடுவில் நிற்கும் இரும்பு பீரோவில். பக்கத்திலேயே அறுந்தால், அதே இடத்தில் ஒரு போனை வைத்துப் பாருங்கள். போன் ஓடுகிறது, லேப்டாப் ஓடவில்லை என்றால் வியாதி லேப்டாப்பில். இரண்டும் ஓடவில்லை என்றால் ரூட்டரில், அல்லது வெளியிலிருந்து வரும் லைனில்.

லேப்டாப்பில்தான் என்று தெரிந்தால், பெரும்பாலும் ஒரு சின்ன விஷயம் காரணமாக இருக்கும். மின்சாரத்தைச் சிக்கனம் பிடிப்பதற்காக லேப்டாப் தன் வைபை அட்டையை அவ்வப்போது தூங்கப் பண்ணுகிறது. எழுந்திருக்கச் சில அட்டைகள் அடம் பிடிக்கும். செட்டிங்கில் அந்த அட்டையைத் தேடி, அதை அணைத்து வைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிட்டால் பல வீடுகளில் தொல்லை அன்றோடு தீருகிறது. இல்லையென்றால் டிரைவர் எனப்படும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்.

ரெயில்வே கைடு இங்கேயும் உதவும். பெரும்பாலான லேப்டாப்புகளில் ஏரியல் திரையின் ஓரத்தில் இருக்கிறது. திரையைச் சாய்த்தாலோ, லேப்டாப்பைக் கால் வட்டம் திருப்பினாலோ, அலை நுழையும் அளவு மாறும். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் மோதி ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும் இடங்களும் அறைக்குள் உண்டு. நாலு விரற்கடை நகர்த்தினாலே அந்தக் குழியிலிருந்து தப்பலாம். பையன் லேப்டாப்பைத் தட்டியபோது அது நகர்ந்திருக்கும். தட்டியதால் சரியாயிற்று என்று அவன் நினைத்துக்கொள்கிறான்!

அண்டை வீட்டு ரூட்டர்களும் தொந்தரவு தரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் 1, 6, 11 என்று மூன்றே. எல்லாரும் ஒரே பாதையில் கூட்டம் போட்டால், பங்குனி உத்திரத்தன்று மயிலம் மலைப்படியில் ஏறுவது போலத்தான். மைக்ரோவேவ் அடுப்பு எரிகிறபோது மட்டும் லைன் அறுந்தால் சந்தேகமே வேண்டாம்; அதுவும் இதே அலைவரிசையில் வேலை செய்கிற சாமான்.

கோடீசுவரர் வந்தார்

1901 மே மாதம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் போஸின் பிரசங்கம். அதற்கு முன்பு ஒரு பெரிய தந்திக் கம்பெனியின் முதலாளி அவரைத் தேடி வந்தார். இன்றைக்கு எல்லா ரகசியத்தையும் சொல்லிவிடாதீர்கள், பேடன்ட் எடுங்கள், லாபத்தில் பாதி என்று மன்றாடினார். போஸ் மறுத்துவிட்டார். இந்தக் கோடீசுவரர் பிச்சைக்காரரைப் போலக் கெஞ்சியதை நண்பர் ரவீந்திரநாத தாகூருக்குக் கடிதத்தில் எழுதினார். பணத்தின் பிடியில் ஒரு முறை சிக்கினால் வெளியே வரமுடியாது என்ற பயம் அவருக்கு.

சகோதரி நிவேதிதையும் அமெரிக்கரான சாரா புல் அம்மையாரும் விடவில்லை. அவர்கள் வற்புறுத்தலால் ஒரே ஒரு கருவிக்கு அமெரிக்காவில் மனுப் போட்டு, 1904 மார்ச் 29-ந் தேதி பேடன்ட் கிடைத்தது. எண் 7,55,840. கலீனா என்ற ஈயக் கனிமக் கல்லின் மேல் ஒரு முனையைத் தொடவிட்டு அலையை அறியும் கருவி அது. போஸ் அதிலிருந்து ஒரு காசு சம்பாதிக்கவில்லை. இதைப் பெருந்தன்மை என்று சொல்வதா, பிழைக்கத் தெரியாமை என்று சொல்வதா? பிறகு சொந்த ஆராய்ச்சி நிலையத்துக்காக அவர் பணம் திரட்ட அலைந்ததைப் பார்க்கும்போது இரண்டாவது எண்ணமும் வரத்தான் செய்கிறது. அலையை அறியக் குறைகடத்திக் கல்லை முதலில் உபயோகித்தவர் போஸ் என்று 1955-ல் எழுதியவர்களில் ஒருவர் பிராட்டெய்ன். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர். அந்த டிரான்சிஸ்டர்கள்தான் இன்று கோடிக்கணக்கில் லேப்டாப்புக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

இரும்புக்கும் அசதி

கருவியை ஓயாமல் ஓட்டினால் அதன் கூர்மை மங்குகிறது. சில மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி பழைய கூர்மை வந்துவிடுகிறது. வேறு யாராக இருந்தாலும் இது பெரிய தொல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த கருவிக்குப் போயிருப்பார்கள். போஸ் அந்த ஏற்ற இறக்கத்தைக் கோடு போட்டுப் படமாக வரைந்தார். வரைந்த படம் தசைநார் களைத்து, இளைப்பாறி, மீளும் படத்தைப் போலவே இருந்தது! உலோகத்துக்கும் அசதியா? உலோகத்துக்கு உண்டென்றால் நடுவில் இருக்கும் செடிக்கு?

அங்கிருந்துதான் திசை திரும்பியது. 1900-ல் பாரிஸில் கூடிய பௌதிக மகாநாட்டில் இதைச் சொன்னார். அப்போது பாரிஸில் இருந்த சுவாமி விவேகானந்தர் பூரித்துப் போனார். மறு வருஷம் லண்டனில் வேறு வரவேற்பு. பர்டன் சாண்டர்ஸன் முதலிய உடல்நூல் நிபுணர்கள் எழுந்து எதிர்த்தார்கள். பௌதிகக்காரருக்கு எங்கள் வயலில் என்ன வேலை என்ற கோபம். ராயல் சொசைட்டி அந்தக் கட்டுரையை அச்சிடாமல் வைத்துக்கொண்டது. போஸ் தளரவில்லை. 1902-ல் தம் சோதனைகளைத் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார். தொட்டாற்சிணுங்கியை வைத்துச் சோதனை மேல் சோதனை செய்தார். செடியின் வளர்ச்சியைப் 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி செய்தார். செடிகளுக்குள் மின் சமிக்ஞைகள் ஓடுகின்றன என்பதைப் பிற்கால ஆராய்ச்சி ஒப்புக்கொண்டது. சாறு மேலேறுவதற்கு அவர் சொன்ன விளக்கத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

1915-ல் கல்லூரியிலிருந்து ஓய்வு. 1917-ல் சர் பட்டம். அதே வருஷம், தம் 59-வது பிறந்த நாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். எந்த ராயல் சொசைட்டி கட்டுரையை முடக்கியதோ அதுவே 1920-ல் அவரை அங்கத்தினராக்கிக்கொண்டது. அவரிடம் படித்தவர்களில் சத்தியேந்திரநாத போஸும் மேக்நாத் சாஹாவும் உலகப் புகழ் பெற்றார்கள்.

1937 நவம்பர் 23-ந் தேதி, 79-வது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிதியில் காலமானார். டாக்டராக முடியாத அபலா அம்மாள், விதவைகளுக்கும் பெண்களுக்கும் படிப்புச் சொல்லும் வேலையில் கடைசிவரை இருந்து, 1951-ல் மறைந்தார்.

2012-ல் சர்வதேச மின் இன்ஜினீயர்கள் சங்கம் பிரசிடென்சி கல்லூரியில் போஸின் மில்லிமீட்டர் அலைச் சோதனைகளுக்கு நினைவுப் பலகை வைத்தது. அதே வருஷத்தில் ஒரே அறைக்குள் அதிவேகமாக ஓடும் புது ரக வைபைக்குத் தரம் வகுத்தார்கள். அதன் அலைவரிசை 60 கிகாஹெர்ட்ஸ். அலையின் நீளம் 5 மில்லிமீட்டர். தகரக் கொல்லரை வைத்துக்கொண்டு அந்த 24 சதுர அடி அறையில் போஸ் உண்டாக்கிய அலையும் 5 மில்லிமீட்டர்தான்.